மலை வீட்டுக்கு எவ்வளவு காற்று? வெப்பம் மீட்கும் காற்றோட்டக் கருவியை அளவு பார்த்து வாங்குவது எப்படி

ஒரு சமையல் எரிவாயு சிலிண்டரில் 14.2 கிலோ வாயு இருக்கிறது. அது எரிந்து தீரும்போது ஏறக்குறைய 22 லிட்டர் தண்ணீர் ஆவியாக நம் வீட்டுக் காற்றில் கலந்திருக்கும். வாயுவில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. கிலோவுக்கு ஒன்றரை லிட்டருக்கும் மேல். சிலிண்டர் ஒன்றரை மாதம் வருகிற வீட்டில் இது நாளுக்கு அரை லிட்டர். சோறு வடிக்கும் ஆவி, குளியல், ஈரத்துணி, நாம் விடும் மூச்சு எல்லாவற்றையும் சேர்த்தால் நாலைந்து பேர் உள்ள வீட்டில் நாளுக்குப் பத்து லிட்டர் வரை நீராவி சேரும்.

போடியிலோ கம்பத்திலோ இதை யாரும் கவனிப்பதே இல்லை. ஜன்னல் திறந்தே கிடக்கும், ஆவி போய்விடும். போடிமெட்டு ஏறிக் கேரளப் பக்கம் இறங்கி, பூப்பாறை, சூரியநெல்லி, தேவிகுளம், மூணாறு என்று போனால் கதையே வேறு. மூணாறு பக்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஜன்னலை யாரும் திறப்பதில்லை. செண்டுவாரை, லட்சுமி போன்ற எஸ்டேட்டுகளில் குளிர் பூஜ்யம் டிகிரி வரை இறங்கி, புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்துகிடக்கும். விடியும்போது கண்ணாடியில் தண்ணீர் வழியும். பீரோவுக்குப் பின்னால் சுவர் ஓதம் பிடித்து, கறுப்பாகப் பூசணம் படரும்.

பழைய ஓட்டு வீடுகளிலும் தோட்டத் தொழிலாளர்களின் தகரக்கூரை லயங்களிலும் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. குளிர் உண்டு, புகை உண்டு. ஆனால் ஓட்டின் இடுக்கு வழியே காற்று போய்வந்தபடி இருக்கும். இப்போது கட்டும் கான்கிரீட் வீட்டுக்கு ரப்பர் பட்டை வைத்த யு.பி.வி.சி. ஜன்னல் போடுகிறார்கள். குளிர் உள்ளே வராது. ஆவியும் வெளியே போகாது. தேவிகுளம் பக்கத்தில் என் அக்கா கட்டிய வீடு அப்படிப்பட்டதுதான். அங்கே ஒரு காற்றோட்டக் கருவியை வாங்கிப் பட்ட பாட்டையும், பிறகு உட்கார்ந்து போட்ட கணக்கையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

கருவி என்ன செய்கிறது

பரண்மேல் வைக்கும் அளவுக்கு ஒரு பெட்டி. உள்ளே இரண்டு மின்விசிறிகள். ஒன்று குளியலறை, சமையலறையிலிருந்து ஈரமும் கதகதப்புமான காற்றை இழுத்து வெளியே தள்ளுகிறது. மற்றது வெளியிலிருந்து புதுக்காற்றை இழுத்துப் படுக்கையறைகளுக்கும் கூடத்துக்கும் அனுப்புகிறது. இரண்டு காற்றும் நடுவில், மெல்லிய தகடுகளை அடுக்கிய ஒரு பாளக்கட்டுக்குள், அந்தத் தகடுகளின் இருபுறமும் ஓடுகின்றன. ஒன்றோடொன்று கலப்பதில்லை; வெப்பம் மட்டும் தகடு வழியே கை மாறுகிறது. சூடான பால் தம்ளரைக் குளிர்ந்த தண்ணீர்ச் சட்டியில் வைத்தால் பால் ஆறும், தண்ணீர் வெதுவெதுப்பாகும், இரண்டும் கலக்காது. அதே வேலைதான் இது.

வீட்டுக்குள் 18 டிகிரி, வெளியே 6 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 12. கருவி 80 சதவீத வெப்பத்தை மீட்டால், உள்ளே வரும் புதுக்காற்று 15.6 டிகிரியில் வரும். ஜன்னலைத் திறந்திருந்தால் அது 6 டிகிரியில் முகத்தில் அடித்திருக்கும்.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, குளிர்நாடுகளில் காற்று புகாத வீடுகளைக் கட்டத் தொடங்கியபோது வளர்ந்த கருவி இது. கனடாவின் ரெஜைனா நகரில் 1977இல் கட்டிய சஸ்காட்செவன் கன்சர்வேஷன் ஹவுஸ் இதைப் பொருத்திய முன்னோடி வீடுகளில் ஒன்று. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 1991இல் எழுந்த, மிகக் குறைந்த வெப்பச் செலவில் கதகதப்பாக இருக்கும் முதல் ‘பாசிவ் ஹவுஸ்’ வீட்டிலும் இது இருந்தது. அதனால் இதன் அளவு விதிகள் எல்லாம் அந்த ஊர்க் குளிரை மனதில் வைத்து எழுதியவை. நம் மலைக்கு அவற்றை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நம் ஜூலை மாதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அது பின்னால் வருகிறது.

முதலில், இது உங்கள் வீட்டுக்கு வேண்டுமா?

பாலக்காடு, சித்தூர், செங்கோட்டை, நாகர்கோவில் பக்கம் வீடு என்றால் பெரும்பாலும் வேண்டாம். ஜன்னலுக்கு மேலே பழைய வழக்கப்படி விடும் வென்டிலேட்டரும், குளியலறையில் ஒரு எக்ஸாஸ்ட் பேனும் போதும். நாள் முழுக்க ஏசி ஓடும் வீடானால் ஈரத்தையும் சேர்த்து மீட்கும் ஈ.ஆர்.வி. என்ற தம்பிக் கருவி இருக்கிறது. அது தனிக் கதை.

மலையிலும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. ஒழுகும் வீட்டில் இதை வைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வது போல. கருவி ஒரு பக்கம் வெப்பத்தை மிச்சம் பிடிக்கும், இடுக்கெல்லாம் மறுபக்கம் அதை விட்டுவிடும். வெளிநாட்டில் கதவில் பெரிய விசிறி வைத்து, வீட்டின் காற்றுக் கசிவை 50 பாஸ்கல் அழுத்தத்தில் அளப்பார்கள். நாம் காற்றடிக்கும் இரவு ஒன்றில் ஊதுபத்தி கொளுத்தி ஜன்னல் விளிம்பு, கதவு நிலை, சுவரும் கூரையும் சேரும் இடம், ஸ்விட்ச் பெட்டி என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்க்கலாம். புகை நேராக எழுந்தால் வீடு இறுக்கம். பல இடங்களில் புகை பறந்தால் முதலில் இடுக்கை அடைக்கப் பணம் செலவிடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். குளிருக்குக் கரிக் கணப்பை அறைக்குள் வைத்துக் கதவடைத்துப் படுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணம் இல்லாமல் உயிரெடுக்கும். எவ்வளவு பெரிய காற்றோட்டக் கருவி இருந்தாலும் அதை நம்பிக் கணப்பு வைக்கக் கூடாது. இது அளவுக் கணக்குக்குள் வரும் விஷயமே அல்ல.

சதுர அடிக்கு இவ்வளவு என்று சொன்னால் நம்பாதீர்கள்

அக்கா வீடு 1200 சதுர அடி. மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை, பத்தடி உயரக் கூரை. ஆட்கள் ஐந்து பேர்: அக்கா, மச்சான், மச்சானின் அப்பா அம்மா, பள்ளிக்குப் போகும் பையன். கருவி விற்ற கடையில் சதுர அடியை மட்டும் கேட்டார்கள். மணிக்கு 500 கன மீட்டர் காற்று தள்ளும் பெட்டியைக் கொடுத்துவிட்டார்கள். அதில் மூன்றே வேகம். மிகக் குறைந்த வேகமே 280. எட்டாம் நாள் மச்சான் போன் செய்தார்.

“மாப்ள, ராத்திரி சத்தம் தாங்கல. கால்மாட்டுல குளிர்காத்து வேற. ஆஃப் பண்ணிட்டுத்தான் படுக்கிறோம்.”

“எத்தனை ஆள்னு கடையில கேட்டாங்களா மச்சான்?”

“இல்லையே. பெருசா இருந்தா நல்லதுதானேன்னு நானும் வாங்கிட்டேன்.”

அளவு மிஞ்சிய கருவிக்குப் பெரும்பாலும் இதுதான் நடக்கும். நிறுத்தி வைத்த கருவியால் என்ன பயன்? அந்த ஆண்டு பூசணம் முன்பைப் போலவே வந்தது.

சரியான கணக்கு சதுர அடியிலிருந்து தொடங்குவதில்லை, ஆட்களிலிருந்து தொடங்குகிறது. தூங்கும் ஒருவர் மணிக்கு 13 லிட்டர் போலக் கரியமில வாயு விடுகிறார். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, பத்தடி உயர அறையில் சுமார் 41 கன மீட்டர் காற்று உண்டு. இருவர் கதவடைத்துப் படுத்தால், காற்று மாறவே இல்லை என்று வைத்துக்கொண்டால், கரியமில வாயு மணிக்குப் பத்து லட்சத்தில் 630 பங்கு வீதம் ஏறும். எட்டு மணி நேரத்தில் ஐயாயிரம். வெளிக்காற்றில் இருப்பது சுமார் 420தான். எந்த அறையும் அவ்வளவு இறுக்கமாக இருக்காது என்பதால் நிஜத்தில் இதைவிடக் குறையும். ஆனாலும் காலையில் தலை பாரமாக எழுவதற்குக் காரணம் வெறும் குளிர் என்று நினைத்துவிட வேண்டாம்.

அதனால் பாசிவ் ஹவுஸ் முறையில் ஆளுக்கு மணிக்கு 30 கன மீட்டர் புதுக்காற்று என்று வைத்திருக்கிறார்கள். விழித்து உட்கார்ந்திருக்கும் ஒருவர் விடும் 18 லிட்டரை 30 கன மீட்டரில் கரைத்தால் வெளிக்காற்றைவிட 600 பங்கு கூடும். மொத்தம் ஆயிரத்தைச் சுற்றி நிற்கும். ஐந்து பேருக்கு 150 கன மீட்டர். இதை முதல் எண்ணாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது எண் ஈர அறைகளிலிருந்து வருகிறது. அதே முறையில் சமையலறைக்கு 60, குளியலறைக்கு 40, தனிக் கழிப்பறைக்கு 20 கன மீட்டர் வெளியேற வேண்டும். அக்கா வீட்டில் 60, 40, 40 சேர்த்து 140.

மூன்றாவது, வீட்டின் பரப்பு. அமெரிக்காவின் ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கத்தின் 62.2 விதியில் சதுர அடிக்கு 0.03 சி.எப்.எம்., அதோடு படுக்கையறை எண்ணிக்கையில் ஒன்று கூட்டி ஒவ்வொன்றுக்கும் 7.5 சி.எப்.எம். சேர்க்க வேண்டும். சி.எப்.எம். என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்ற அளவு, 1.7ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று வந்துவிடும். அக்கா வீட்டுக்கு 36ம் 30ம் சேர்ந்து 66 சி.எப்.எம்.; அதாவது 112 கன மீட்டர். இங்கிலாந்து விதி சதுர மீட்டருக்கு நொடிக்கு 0.3 லிட்டர் என்கிறது. அதன்படி 120 வரும்.

நான்காவதாக ஒரு சரிபார்ப்பு. வீட்டின் மொத்தக் காற்று மணிக்குப் பத்தில் மூன்று பங்காவது மாற வேண்டும். 1200 சதுர அடி, பத்தடி உயரம் என்றால் 340 கன மீட்டர். அதில் பத்தில் மூன்று 102.

150, 140, 112 அல்லது 120, 102. இவற்றில் பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும், கூட்டக் கூடாது. ஒரே காற்றுதான் படுக்கையறையில் நுழைந்து, கூடம் வழியே நகர்ந்து, சமையலறை வழியாக வெளியேறுகிறது. மூச்சுக்கும் அதுவே, ஆவிக்கும் அதுவே. எண்களைக் கூட்டிவிடுவதுதான் புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் செய்யும் முதல் தவறு. அக்கா வீட்டுக்கு விடை 150. கடை கொடுத்த பெட்டியின் குறைந்த வேகமே இதற்கு இரண்டு மடங்குக்குக் கிட்டே.

மலை உயரத்துக்கு ஒரு சின்னத் திருத்தம்

1500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்தது. கடல் மட்டத்துக் காற்றின் அடர்த்தியில் சுமார் 86 சதவீதம்தான். நாம் விடும் கரியமில வாயு குறைவதில்லை. அதைக் கரைக்கும் காற்றுதான் ஒவ்வொரு கன மீட்டரிலும் குறைவு. ஆகவே மூச்சுக்கான எண்ணை மட்டும் 0.86ஆல் வகுத்துக்கொள்ளலாம். 150 என்பது 174 ஆகிறது. நீராவிக்கு இந்தத் திருத்தம் வேண்டாம். ஒரு கன மீட்டர் வெளி எவ்வளவு ஆவி தாங்கும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது, உயரத்தைப் பொறுத்ததல்ல.

இதற்கு மேல், விருந்தாள் வந்தால், பொங்கலுக்குச் சமையல் கூடினால், ஈரத்துணி உள்ளே காய்ந்தால் வேகத்தைக் கூட்ட இடம் வேண்டும். முப்பது சதவீதம் போதும். 174இல் முப்பது சதவீதம் கூட்டினால் 226. ஆக, 230 முதல் 250 கன மீட்டர் வரை போகக்கூடிய கருவி. அன்றாடம் அது எழுபது சதவீத வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில்தான் சத்தமும் மின்செலவும் குறைவு. கொஞ்சம் பெரியது நல்லது. இரண்டு மடங்கு பெரியது கெடுதல்.

பெரிய கருவி வாங்கினால் ஜூலையில் உதவாதா?

மச்சான் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வி. பதில் நம் மலைக்கே உரியது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஜனவரி இரவில் வெளியே 5 டிகிரி. அந்தக் காற்று முழு ஈரமாக இருந்தாலும் கன மீட்டருக்கு 6.8 கிராம் ஆவிக்கு மேல் தாங்காது. அதே காற்று வீட்டுக்குள் வந்து 18 டிகிரி ஆனால் 15.4 கிராம் வரை தாங்கும். அதாவது, வந்த காற்றின் ஈரப்பதம் 45 சதவீதத்துக்குக் கீழே போய்விடுகிறது. உலர்ந்த துணி தண்ணீரை உறிஞ்சுவது போல அது வீட்டின் ஆவியை வாங்கிக்கொள்ளும். வீட்டில் நாளுக்குப் பத்து லிட்டர் ஆவி சேர்ந்து, மணிக்கு 150 கன மீட்டர் காற்று மாறினால், ஒவ்வொரு கன மீட்டரும் கூடுதலாகச் சுமக்க வேண்டியது 2.8 கிராம். மொத்தம் 9.6, ஈரப்பதம் சுமார் 62 சதவீதம். கண்ணாடியில் தண்ணீர் வழிவது நிற்கும், சுவர் காயும்.

ஜூலைக்கு வருவோம். தென்மேற்குப் பருவமழை, நாள் முழுக்க மஞ்சு. வெளியே 16 டிகிரி, காற்று முழு ஈரம்: கன மீட்டருக்கு 13.6 கிராம். வீட்டுக்குள் 20 டிகிரி என்றால் தாங்கும் அளவு 17.3. வந்த காற்றே 80 சதவீத ஈரத்துக்கு அருகில் இருக்கிறது. நம் 2.8 கிராமையும் சேர்த்தால் 95. பூசணம் வளர 80 போதும். சரி, கருவியை மூன்று மடங்கு பெரிதாக்கினால்? அப்போதும் 80க்குக் கீழே இறங்காது, ஏனென்றால் வெளிக்காற்றே அதுதான். இந்தக் கருவி வெப்பத்தை மீட்கும், தண்ணீரைப் பிழிந்தெடுக்காது.

அதற்காக ஜூலையில் நிறுத்திவிடவும் கூடாது. பாதிக் காற்று மட்டும் மாறினால் கன மீட்டருக்கு 5.6 கிராம் கூடி 19.2 ஆகும். 17.3க்கு மேல் காற்று தாங்காது. மிச்சம் சுவரில் தண்ணீராக இறங்கும். ஆக, கணக்கிட்ட அளவில் ஓட்ட வேண்டும், அதற்கு மேல் ஓட்டுவதால் கிடைப்பது கொஞ்சம்தான். பெரிய கருவிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிபையர் ஒன்றை வாங்கி மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை துணியைப் படுக்கையறைக்குள் காயப்போடாமல் இருப்பது அதைவிட மலிவு. ஒரு தடவை துவைத்த துணியிலிருந்து இரண்டு லிட்டர் வரை ஆவி எழும்.

மின்கட்டணம் மிச்சமாகும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். 150 கன மீட்டர் காற்று, 12 டிகிரி வித்தியாசம், மலைக்காற்றின் அடர்த்தி மூன்றையும் வைத்தால் வெளியேறும் வெப்பம் 520 வாட். அதில் 80 சதவீதம் மீண்டால் 420 வாட். அதுவும் குளிர்ந்த இரவுகளில் மட்டும். ஹீட்டர் போடாத வீட்டில் பில் குறையாது. கதகதப்பு மட்டும் மிஞ்சும். நான் இதை மூச்சுக்கும் சுவருக்கும் வாங்கும் கருவியாகத்தான் பார்க்கிறேன். அதன் சொந்தச் செலவையும் கேளுங்கள்: பாசிவ் ஹவுஸ் வரம்பு கன மீட்டருக்கு 0.45 வாட்-மணி. 150 கன மீட்டருக்கு 67 வாட். நாள் முழுக்க ஓடினால் மாதம் ஏறக்குறைய 49 யூனிட். நல்ல கருவி இதற்குள் அடங்கும்.

அட்டையில் உள்ள எண்ணும் குழாயில் வரும் காற்றும்

பெட்டி அட்டையில் 250 என்று போட்டிருக்கும். எந்த அழுத்தத்தில் 250 என்று கேட்க வேண்டும். குழாயே மாட்டாமல் வெறும் பெட்டியை ஓட்டி எடுத்த எண்ணாகவும் இருக்கலாம். தோட்டத்து டேங்கில் தண்ணீர் பொத்தென்று கொட்டும். அதே தண்ணீர் நூறடி ரப்பர் குழாய் வழியே வந்தால் சன்னமாகிவிடும். காற்றும் அப்படித்தான். வடிகட்டி, வளைவு, நீளம், வாய்ச்சல்லடை ஒவ்வொன்றும் தடுக்கும். வீட்டுக் குழாய் அமைப்பின் தடையை 100 முதல் 150 பாஸ்கல் என்று வைத்துக்கொண்டு, அந்த அழுத்தத்தில் உங்களுக்கு வேண்டிய காற்று வருகிறதா என்று கருவியோடு வரும் வளைகோட்டுப் படத்தில் பாருங்கள். படம் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

குழாய் விட்டத்தில்தான் நம் ஊரில் பெரிய பிழை நடக்கிறது. பிளம்பர் கையில் நான்கு அங்குல பி.வி.சி. இருக்கும், அதையே போட்டுவிடுவார். மணிக்கு 150 கன மீட்டர் நான்கு அங்குலக் குழாயில் நொடிக்கு 5.3 மீட்டர் வேகத்தில் ஓடும், விசில் அடிக்கும். ஆறு அங்குலத்தில் 2.4 மீட்டர், சத்தமே தெரியாது. விட்டம் ஒன்றரை மடங்கானால் தடை ஏழில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. அக்கா வீட்டில் முதலில் போட்டது நான்கு அங்குலம். பாதிச் சத்தம் கருவியுடையது அல்ல, குழாயுடையது. பிரதானக் குழாய் ஆறு அங்குலம், அறைக்குப் பிரியும் கிளை மூன்று அல்லது நான்கு அங்குலம் என்று வைத்தால் போதும். நெளிவுள்ள அலுமினியக் குழாயை நீளமாகப் போடாதீர்கள். கடைசி ஓரடிக்கு மட்டும் சரி.

குழாய் ஓட்டவே முடியாத வீடுகளும் இருக்கின்றன. கருங்கல் சுவர் வைத்த பழைய பங்களா, கட்டி முடித்துக் குடியேறிய வீடு. அங்கே சுவரில் துளையிட்டு வைக்கும் தனி அறைக் கருவி உண்டு. உள்ளே பீங்கான் தேன்கூடு. சுமார் 70 நொடி காற்றை வெளியே தள்ளிக் கூடு சூடாகும், அடுத்த 70 நொடி உள்ளே இழுக்கும்போது அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். இவற்றை இரட்டையாக வாங்க வேண்டும். அட்டையில் 40 என்று இருந்தால், பாதி நேரம்தான் உள்ளே இழுப்பதால் தனி ஒன்றின் பயன் 20 மட்டுமே.

அறைக்கு அறை பங்கு

உயரத் திருத்தம் போடாத அடிப்படை எண்ணான 150ஐ அக்கா வீட்டில் இப்படிப் பிரித்தோம் (174 வேண்டுமென்றால் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளலாம்): பெரியவர்கள் அறைக்கு 40, அக்கா மச்சான் அறைக்கு 40, பையன் அறைக்கு 30, கூடத்துக்கு 40. வெளியேறுவது சமையலறை 60, குளியலறைகள் 45, 45. வருவதும் போவதும் சமம். சமமாக இல்லாமல் போவது கூடினால், விறகடுப்புப் புகைபோக்கி வழியே புகை வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும். படுக்கையறைக் கதவுகளின் அடியில் அரை அங்குலம் சீவிவிடச் சொன்னோம். இல்லாவிட்டால் கதவடைத்ததும் காற்று அறைக்குள்ளேயே நின்றுவிடும்.

அடுப்புக்கு மேலிருக்கும் சிம்னியை இந்தக் கருவியோடு சேர்க்கக் கூடாது. தாளிக்கும் எண்ணெய்ப்புகை தகடுகளில் ஒட்டி ஒரே வருடத்தில் பாளக்கட்டைக் கெடுத்துவிடும். சிம்னி தனியாக வெளியே போகட்டும்.

காற்று இழுக்கும் வாயை எங்கே வைப்பது என்பதில் எங்கள் பகுதிக்கு ஒரு தனிக் கவலை உண்டு. சுற்றிலும் ஏலத்தோட்டம். மருந்தடிக்கும் நாளில் அந்த வாடையைக் கருவி நேராகப் படுக்கையறைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். தோட்டத்துக்கு எதிர்ப்பக்கச் சுவரில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் புகைக்கும் மாட்டுத்தொழுவத்துக்கும் தள்ளி வாயை வையுங்கள். மருந்தடி என்று தெரிந்தால் அன்று நிறுத்திவிடுங்கள். ஸ்விட்ச் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், பரண்மேல் அல்ல.

உறைபனியைத் தடுக்கும் ஹீட்டர் என்று ஒன்றைச் சேர்த்து விலை சொல்வார்கள். வெளியே பூஜ்யத்துக்கும் பல டிகிரி கீழே வாரக்கணக்கில் நிற்கும் ஊர்களுக்கு அது. மூணாற்றுக் குளிருக்கு வேண்டாம். வேண்டியது பைபாஸ். பிப்ரவரி, மார்ச் பகலில் வெளியே இதமாக இருக்கும்போது வெப்பத்தை மீட்காமல் புதுக்காற்றை அப்படியே விடும் வழி அது. கருவிக்குள் ஆவி குளிர்ந்து சொட்டும் தண்ணீருக்கு, கழுவுதொட்டிக்கு வைப்பதுபோல் வளைகுழாயோடு ஒரு வடிகால் கட்டாயம். வடிகட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்; அது அடைபட்டால் நீங்கள் கணக்கிட்ட 150 நூறாகிவிடும், பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

பொருத்திய பிறகு அளந்து பாருங்கள்

பழைய பெட்டியை மாற்றி, ஆறு அங்குலக் குழாயும் போட்டு முடித்த அன்று, அளக்க எங்களிடம் கருவி எதுவும் இல்லை. 60 லிட்டர் குப்பைப் பை ஒன்றும் போனில் உள்ள ஸ்டாப் வாட்சும் போதுமாக இருந்தது. பையைக் காற்றில்லாமல் தட்டையாக மடித்து, அதன் வாயைக் காற்று வரும் துளைமேல் சுற்றிப் பிடிக்க வேண்டும். மணிக்கு 40 கன மீட்டர் என்றால் நொடிக்கு 11 லிட்டர். பை ஐந்தரை நொடியில் நிரம்ப வேண்டும். 30க்கு ஏழு நொடிக்குச் சற்று மேல். காற்று வெளியேறும் துளையில் இதையே தலைகீழாக, நிறைந்த பை எத்தனை நொடியில் சுருங்குகிறது என்று பார்க்கலாம்.

பெரியவர்கள் அறையில் நான்கு நொடியில் நிரம்பிவிட்டது. பையன் அறை குழாயின் கடைசியில் இருப்பதால் பன்னிரண்டு ஆனது. மச்சான் ஏணியில் ஏறிப் பெரியவர்கள் அறைத் துளையின் மூடியை அரைச் சுற்று இறுக்கினார், கூடத்துத் துளையைக் கால் சுற்று. பையன் பையைப் பிடித்தபடி நொடிகளை எண்ணினான். நாலாவது முறை எட்டில் நின்றது. இன்னும் கொஞ்சம் என்று மச்சான் மறுபடியும் ஏணியில் ஏறினார்.